பாய்லர்மேட்டுத் தண்டவாளக் கொடி

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் பங்குக் கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற ரெஜினா அக்கா. சொன்னது போன வருஷத் தவக்காலத்தில், நாலாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. அக்கா பொய் சொல்லுகிறவள் இல்லை, அதிலும் வெள்ளிக்கிழமையில் சொல்லவே மாட்டாள். கதையில் வருகிற ராயப்பன் அவளுக்குச் சித்தி மகன். அவள் சொன்ன மாதிரியே சொல்லுகிறேன். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அது என் மறதி, கூட்டிச் சேர்த்தது எதுவும் இல்லை, ஆண்டவர் அறிய.

மலையில் தேயிலைத் தோட்டங்கள் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற விளிம்பில் பாய்லர்மேடு இருக்கிறது. அறுபத்து மூன்று வீடு, சவேரியார் சிலை வைத்த ஒரு கெபி, ஒரு முனியாண்டி, ஒரு டீக்கடை, அவ்வளவுதான் ஊர். அந்தப் பேர் காட்டுக்குள் கிடக்கிற பாய்லரால் வந்தது. நூறு வருஷத்துக்கு முந்தி ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே மரம் அறுக்கிற மில் போட்டு, பாய்லர் வைத்து, புகைக்கூண்டு கட்டி, அறுத்த மரத்தை இழுக்க இரண்டடி அகலத்தில் சின்னத் தண்டவாளமும் போட்டு, பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமல் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டதாம். காடு மெதுவாக வந்து மூடிக்கொண்டது. பாய்லர் மேல் ஓர் அத்திமரம் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் வேரைத் தொங்கவிட்டுக்கொண்டது, புகைக்கூண்டுக்குள் வௌவால் குடிவந்தது, பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் பெரணி முளைத்தது, தண்டவாளம் சருகுக்குள் படுத்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், ஆனால் ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை. அட்டை கடிக்கும்.

போய்ப் பார்த்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். ராயப்பனின் மனைவி, தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை, வயசு நாற்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கால் இரண்டிலும் வேப்பெண்ணெயைப் பூசிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பாய்லரின் ஒரு தகடு, அந்தத் தகட்டில் ஓர் ஆணி, அடுத்த ஞாயிறு அடுத்த ஆணி என்று, ஜெபமாலையில் ஒரு மணி முடிந்து அடுத்த மணிக்குப் போகிற மாதிரி, அவசரமில்லாமல் வரைந்துகொண்டிருப்பாள். வனக்காவலர் சுடலைமணியை ஊரில் கார்டு என்று கூப்பிடுவார்கள். அவர் முதல் தடவை அவளை நிறுத்தி, "விறகு எடுக்கக் கூடாதுக்கா" என்றார். "ஒரு குச்சி உள்ள கொண்டுபோறேன், அதையே வெளிய கொண்டுவாறேன்" என்று அவள் பென்சிலைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ராயப்பன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு இந்த வரைகிற வேலையில் பிடிப்பே இல்லை.

"மலை பூராம் பூவாப் பூத்துக் கெடக்கு. நீ போயும் போயும் துருப்புடிச்ச ஆணியை வரையிற."

"பூவைத்தான் எல்லாரும் பாக்கிறாகளே. ஆணிக்கு யாருங்க இருக்கா?"

இருபத்துநாலு வருஷம் எஸ்டேட் லயத்து வீட்டில் ஒற்றை அறையில் குடித்தனம் பண்ணியவர்கள் இந்தக் கதை நடந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு வீடு கட்டினார்கள். ஊரின் மேல்கோடியில், காட்டை ஒட்டிக் கடைசி வீடு. ஓடு போட்டாயிற்று, தரைக்குச் சிவப்புச் சாந்து பூசியாயிற்று, வாசற்கதவுக்கு ஜெசிந்தா தேடித் தேடி ஒரு பச்சை அடித்தாயிற்று. மார்கழியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துத் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரும் நாள் கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் தண்டவாளம் காட்டைவிட்டு வெளியே வந்தது.

முதலில் பார்த்தவள் டீக்கடை பவுனுத்தாய். பால் வாங்கப் போன இடத்தில், மேற்குப் பக்கப் புதருக்குள்ளிருந்து இரண்டு இரும்பு நுனி பூசணிக்கொடி மாதிரிச் சுருண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒன்றரை முழம் வந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் ஒன்றரை முழம். இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே கட்டைகள் தளிர்த்தன. மாந்தளிர் மாதிரி முதல் நாள் செவேலென்று துவண்டு கிடந்து, மூன்றாம் நாள் இறுகிக் கறுத்து, ஏறி நின்றால் தாங்கும்படி ஆயின. ஊரில் யாரும் திகைக்கவில்லை. "இந்த வருஷம் மழை அப்படி" என்றார்கள். அவரவர் வீட்டுப் பீர்க்கும் அவரையும்கூட அந்த வருஷம் கூரைமேல் ஏறிக் கிடந்ததால் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. வெயிலில் சூடேறுகிற இரும்பு என்பதால் பெண்கள் அதன்மேல் வற்றல் காயப் போட்டார்கள். ஆடுகள் தளிர்க்கட்டையைக் கடித்துத் தின்றன. அந்த ஆட்டுப் பாலில் லேசாக ஆணி வாசம் வந்தது, ஊசி போட வருகிற நர்சம்மா அதைக் குடித்துப் பார்த்துவிட்டு ரத்தசோகைக்கு நல்லது என்று சொன்னதிலிருந்து பால் கிடைக்கவில்லை. சாயங்காலமானால் தள்ளாடித் தள்ளாடி வேறு யார் வீட்டுக்காவது போய்ச் சேருகிற இன்னாசி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நடந்து நேராகத் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அவன் மனைவி சவேரியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள், பிறகு யோசித்து முனியாண்டிக்கும் ஒரு சூடம் கொளுத்தினாள்.

ரயில்காரர்களுக்கு யாரோ மனுப் போட்டார்கள். "எங்கள் தண்டவாளம் எதற்கும் வளரும் வழக்கம் இல்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. வளருகிறது என்றால் விவசாயம்தான் என்று கிராம நிர்வாக அதிகாரி வந்து பார்த்து, அடங்கல் பதிவேட்டில் பயிர் என்ற இடத்தில் தண்டவாளம் என்றும், பாசனம் என்ற இடத்தில் மானாவாரி என்றும் எழுதிக்கொண்டு, கூடவே ஒரு செம்பு ஆட்டுப்பாலும் வாங்கிக்கொண்டு போனார்.

கார்த்திகை பிறந்தபோதுதான் ராயப்பன் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நேரே பார்த்தான். டிரைவர் கண் தப்பாது. அது நேராகப் பச்சைக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"வந்தா என்ன, கொல்லையில கெடந்துட்டுப் போகுது" என்றாள் ஜெசிந்தா.

அப்போது அங்கே வந்த கார்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"அக்கா, ரூலைச் சொல்றேன், கோவிச்சுக்காதீக. வேரு காட்டுக்குள்ள இருந்தா அது காட்டுப் பொருள், வெட்டக் கூடாது. அது எதுல போய்த் தொட்டு நிக்குதோ, அதுவும் காடு."

"எங்க வீடு காடா?"

"தொட்ட நிமிஷத்துலருந்து காடு. தொடுற வரைக்கும் வீடு. எனக்கும் வருத்தந்தான். நானும் உங்க வீட்டு மந்திரிப்புக்கு வரணும்னு சட்டை எடுத்து வச்சிருக்கேன்."

அன்று முதல் அவர் தினமும் காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வந்து தண்டவாள நுனிக்கும் வாசற்படிக்கும் நடுவே அளந்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். ஃபேக்டரியில் தூள் சலிக்கிறபோதும் ஜெசிந்தாவின் வாய்க்குள் ஜெபமாலை ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நாளும் போய்ப் போய்ப் பார்த்த பொருள் இப்படி நம் தலையிலேயே கையை வைக்குமா மாதாவே என்று ஜெபமாலையின் ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்.

ராயப்பன் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு போய், நெம்பி, தள்ளி, நுனியைக் கிழக்கே திருப்பிவிட்டான். தண்டவாளம் எட்டு நாள் அசையாமல் வாடிக் கிடந்தது. ஊரே அவனைப் பாராட்டியது. ஒன்பதாம் நாள் அது மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பி, நாளுக்கு மூன்று முழமாக வளர ஆரம்பித்தது.

"நாங்கதான் அப்பவே நெனச்சோம்ல" என்றாள் பவுனுத்தாய், டீ ஆற்றிக்கொண்டே. அவள் எதையும் அப்போதே சொல்லமாட்டாள், பிறகுதான் சொல்லுவாள். "கொடின்னு தெரியுது, கொடிக்கு ஒரு முறை இருக்குன்னு தெரியலையா தம்பி உனக்கு?"

அந்த ஊரில் அப்படி ஒரு முறை உண்டு. வீட்டுக்கு வீடு கொடி இருக்கிற இடம் என்பதால், ஒருத்தர் கொடி வேலி தாண்டி இன்னொருத்தர் கொல்லைக்குள் வந்துவிட்டால், வந்த வீட்டுக்காரர் அதை வெட்டவும் கூடாது, தானாகத் திருப்பவும் கூடாது. வேர் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முறையிட வேண்டும். தாய்வீட்டுக்காரர் காப்பி கொடுத்து, குறுக்கே பேசாமல் முழுசும் கேட்டு, 'கேட்டுக்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு மேல் சமாதானமும் சொல்லக் கூடாது, சண்டையும் போடக் கூடாது. பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து நுனியைப் பிடித்து எங்கே போக வேண்டுமோ அங்கே திருப்புவார்கள். அப்படிச் செய்யாமல் திருப்பினால் கொடி கோபித்துக்கொள்ளும், காய் பிடிக்காது.

"அப்ப கம்பெனிக்காரனைத் தேடிக்கிட்டு நான் சீமைக்கா போக?" என்றான் ராயப்பன்.

டீக்கடையில் இருந்தவர்கள் இதை யோசித்தார்கள். விட்டுவிட்டுப் போனவன் தாய்வீடு ஆகமாட்டான் என்று ஒருத்தர் சொன்னார். கார்டுதான் தாய்வீடு என்று இன்னொருத்தர் சொல்ல, கார்டு எழுந்து, தனக்கு ஓய்வு பெற ஆறு வருஷம் இருக்கிறது, புள்ளைகள் படிக்கின்றன என்று சொல்லி உட்கார்ந்தார். பவுனுத்தாய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்:

"நூறு வருஷத்துல அதுகிட்டப் போய், நீ எப்படி இருக்கன்னு பாத்துட்டு வந்தவ யாரு?"

எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் அவசரமாக, "நான் கொடி வந்த வீட்டுக்காரி, முறையிட வேண்டியவ நான்தான்" என்றாள்.

"வந்த வீட்டுக்கு உம் புருஷன் இருக்கான். தாய்வீட்டுக்குத்தான் ஆள் இல்லை. நீ அந்தப் பக்கம் போயிரு தாயி."

"கல்யாணம் பண்ணின நாள்லருந்து அவ அந்தப் பக்கந்தான்" என்றான் ராயப்பன்.

இப்படியாக அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரில் முக்கால்வாசிப் பேர் காலுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு, கார்டு முன்னால் வழிவிலக்க, ஜெசிந்தாவின் பின்னால் காட்டுக்குள் போனார்கள். அவள் ஒருத்தி நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடத்தில் நூற்று ஐம்பது பேர் வரிசையாகப் போனதைக் கண்டு மரத்திலிருந்த மந்திகள் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்த்தன. உள்ளே போனதும் பேச்சு தானாக அடங்கியது. பாய்லர் ஒரு சின்ன மாதாகோயில் அளவுக்கு இருந்தது. அதன்மேல் அத்திமரம் காய்த்துக் கிடந்தது. ஜெசிந்தாவின் நாலு நோட்டும் கை மாறிக் கை மாறிப் போய், இந்த ஆணி இதோ, இந்தத் தகடு இதோ என்று எல்லாரும் படத்தையும் பொருளையும் ஒத்துப் பார்த்தார்கள்.

"பல்சக்கரத்துல ரெண்டு பல்லை விட்டுட்ட" என்றான் ராயப்பன்.

"கிட்டப் போய்ப் பாருங்க. அது ஒடஞ்சிருக்கு."

அவன் போய்ப் பார்த்தான். உடைந்துதான் இருந்தது.

புகைக்கூண்டிலிருந்து விழுந்த மூன்று செங்கல்லை வைத்து, பவுனுத்தாய் கொண்டுவந்த அடுப்புக்கரியைப் பற்றவைத்து, ஜெசிந்தா கருப்பட்டிக் காப்பி போட்டாள். தாய்வீட்டுக்காரி என்பதால் அவள் பாய்லரின் வாய்ப்பக்கம் நின்றாள். ராயப்பன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்று, புதிதாக வருகிறவன் மாதிரி வந்தான்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் ஜெசிந்தா.

அவன் பல்சக்கரத்தின்மேல் உட்கார்ந்தான். காப்பியை வாங்கிக்கொண்டான்.

"உங்க கொடி எங்க வீட்டுக்கு வருதுங்க."

"உங்க வீடு எங்க இருக்கு?" முறைப்படி அதைக் கேட்டாக வேண்டும்.

"உனக்குத் தெரியாதாக்கும்?"

"தம்பி, ஒழுங்காப் பதில் சொல்லு, கொடி கேட்டுக்கிட்டிருக்கு" என்றாள் பவுனுத்தாய்.

ராயப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மேட்டுல கடைசி வீடு. பச்சைக் கதவு. அந்தப் பச்சைக்கு எம் பொண்டாட்டி மூணு தடவை கீழ டவுனுக்குப் போயிட்டு வந்தா. இருபத்துநாலு வருஷம் ஒத்த ரூம்புல இருந்தோம். மழை பெஞ்சா ஒழுகும், அவ ஒழுகாத மூலையில நோட்டை வச்சிட்டு ஒழுகுற மூலையில படுப்பா. நான் ஒண்ணும் சொன்னதில்லை. வீடு கட்டுறப்ப கொத்தனாரு வடக்குப் பக்கம் ஜன்னல் வேணாம், குளிர் வரும்னான். நான்தான் வையின்னேன். அவ கேக்கலை, நானா வச்சேன். அங்கருந்து பாத்தா இந்தக் காடு தெரியும். வயசாகி நடக்க முடியாமப் போனா உக்காந்து வரையட்டும்னு. இப்ப வீடே காடாப் போச்சுன்னா ஜன்னல் எதுக்குங்க?"

நடுவில் பேசக் கூடாது என்பதால் ஜெசிந்தா பேசவில்லை. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. நூற்று ஐம்பது பேரும் காத்திருந்தார்கள், பாதிப் பேர் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டே.

காப்பி முடிந்தது. இனிக் கொடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று பேச்சு வந்தது. என் பக்கம் வேண்டாம், என் பக்கம் வேண்டாம் என்று ஒவ்வொருத்தரும் அடுத்தவர் கொல்லையைக் காட்டினார்கள். ராயப்பனுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. அவன் அரிவாளை வாங்கிக்கொண்டு பாய்லருக்குப் பின்பக்கம் முள்ளை வெட்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"ஏ புள்ள, இதை நீ வரையலையே?"

கிழக்குப் பக்கச் சரிவில், ஈச்சம்புதருக்குள், இரண்டு தண்டவாள நுனி வெட்டினாற்போல் நின்றிருந்தது. பாதி போட்டு விட்டுவிட்ட பாதை.

"ஆறு ஞாயிறு பாத்தேன், முள்ளு உள்ள விடலை" என்றாள் ஜெசிந்தா. "பாக்காததை எப்படி வரைய?"

ராயப்பன் ஒரு கண்ணை மூடி அந்த நுனியின் நேரே பார்த்தான். பிறகு மேற்கே பார்த்தான். பிறகு கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினான். "அந்தப் பக்கம் வெளிய போன தலை, ஊரைச் சுத்தி இங்க வந்து சேரப் பாக்குது. ரோடு பாதியில நின்னா எந்த டிரைவருக்கும் தூக்கம் வராது, அதுக்கு மட்டும் வருமா? நம்ம வீட்டுக்கு வரலை புள்ள அது. நம்ம வீடு குறுக்க நிக்குது."

அன்று மத்தியானமே எல்லாரும் கீழே வந்தார்கள். தண்டவாள நுனிக்கும் வாசற்படிக்கும் நடுவே நாலு முழம் இருந்தது. ஜெசிந்தா ஒரு நுனியையும் ராயப்பன் ஒரு நுனியையும் இரண்டு விரலால், பூசணித் தளிரைப் பிடிக்கிற மாதிரி மெதுவாகப் பிடித்து, வீட்டின் கீழ்ப்பக்கமாகத் திருப்பினார்கள். கடப்பாரைக்கு முரண்டு பிடித்த இரும்பு சொன்னபடி வளைந்தது. கீழ்ப்பக்கத்தில் பவுனுத்தாயின் மேரக்காய்ப் பந்தல் இருந்ததால், அவளும் விடாமல் ஜெசிந்தாவிடம் தனியாக ஒருதரம் முறையிட்டு, தனியாக ஒரு காப்பி வாங்கிக் குடித்தாள். அது அரை மணி நேர முறையீடு, அதில் பாதி வேறு விஷயம்.

தண்டவாளம் அடுக்களைச் சுவரை ஒட்டிப் போனது. கார்டு தினமும் வந்து சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் தன் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். "போகுது, போகுது" என்று சொல்லி, சந்தேகத்துக்கு மறு கையையும் விட்டுப் பார்த்தார். நாலாம் நாள் அது வீட்டைத் தாண்டிவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்துச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே பின்வாசல் வழியாக வெளியே வந்தவர், கை நிற்காமல் தண்டவாளத்துக்கும் தெளித்துவிட்டு, ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். கார்டு புதுச் சட்டையில், முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, தண்டவாளம் கிழக்குச் சரிவேறி, காத்திருந்த அந்தப் பழைய நுனிக்கு ஒரு சாண் கிட்டே வந்துவிட்டது. ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றது. ஜெசிந்தா நோட்டை விரித்து உட்கார்ந்து, புதர், சரிவு, பழைய இரும்பு, புது இரும்பு எல்லாவற்றையும் வரைந்து, சேருகிற இடத்துக்கு மட்டும் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். காலையிலிருந்து மத்தியானம் வரை அது அசையவில்லை.

"இத்தனை பேர் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றாள் பவுனுத்தாய். "எல்லாரும் திரும்புங்க."

அறுபத்து மூன்று வீட்டு ஜனமும், கார்டும், இன்னாசியும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் ஜெசிந்தாவிடம் மெதுவாக, "நீ தாய்வீட்டுக்காரி, நீ பாக்கலாம், குத்தமில்லை" என்றான். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நோட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, அவளும் திரும்பி அவன் பக்கத்தில் நின்றாள். ஒரு மேகம் வந்து போகிற நேரம் ஆனது. பின்னால், கரண்டி டம்ளரில் பட்ட மாதிரி, சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அது வளரவில்லை. தண்டவாளம் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டதால் இப்போது காட்டுக்குள் ஊர் இருக்கிறதா, ஊருக்கு வெளியே காடு இருக்கிறதா என்று கார்டு மேலே எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. ஜெசிந்தாவின் அந்தப் படம் புது வீட்டு வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாம் இருக்கிறது; இரண்டு இரும்பும் சேருகிற இடத்தில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக விட்டிருக்கிறாள். வருகிறவர்கள் அது முடியவில்லையே என்று கேட்டால் ராயப்பன்தான் பதில் சொல்லுகிறான்: "பாக்காததை எப்படி வரைய?"

இவ்வளவுதான் ரெஜினா அக்கா சொன்னது. இந்த வருஷம் மலையில் மழை குறைவு, தண்டவாளக் கட்டைகள் எல்லாம் வாடிக் கிடக்கின்றன என்று போன வாரம் சேதி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால், ஒரு செம்புத் தண்ணீர் அதன் வேரில் ஊற்றிவிட்டு வாருங்கள்.